சமையல் வகுப்பு என்று பெயர் வாங்கிய பாடம்

ஒவ்வோர் ஏப்ரலிலும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கெடு நெருங்கும்போது, அமெரிக்கர்களின் சமூக ஊடகங்களில் ஒரு புலம்பல் தவறாமல் சுற்றும். “பள்ளியில் பைதாகரஸ் தேற்றம் படித்தேன், மைட்டோகாண்ட்ரியா படித்தேன். வரிப் படிவம் நிரப்பவும் கடன் அட்டையைக் கையாளவும் ஒருவரும் சொல்லித்தரவில்லை.” படிக்கிறவர்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இவர்களில் பலர் படித்த பள்ளியிலேயே அதைச் சொல்லித்தரும் வகுப்பு நடந்திருக்கும். குடும்ப, நுகர்வோர் அறிவியல் என்பது அதன் பெயர்; சுருக்கமாக எஃப்.சி.எஸ். “அது சமையல் வகுப்பு”, “சும்மா உட்கார்ந்தாலே ஏ கிரேடு போடுவார்கள்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு வேறு பாடத்துக்குப் போயிருப்பார்கள். அமெரிக்காவில் வாழும் நம் வீடுகளிலும் இதே கதைதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பாடத் தேர்வுப் பட்டியலைக் கொண்டுவந்து நீட்டினால், “சமையலை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம், கணினிப் பாடம் எடு” என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

இந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது, பள்ளி அமைப்பில் அதன் இடம் எது, அதற்கு ஏன் இப்படி ஒரு பெயர் வந்தது என்பதை முதலிலிருந்து பார்ப்போம்.

விருப்பப் பாடம் எவ்வளவு விருப்பமானது?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி 9 முதல் 12 வரை நான்கு ஆண்டுகள். நம் ஊர்ப் பதினோராம் வகுப்பைப் போல முதல் நாளே ஒரு குரூப்பில் சேர்ந்துவிடும் வழக்கம் அங்கே இல்லை. மாணவர் பாடம் பாடமாகத் தேர்ந்தெடுத்து, பட்டம் பெறத் தேவையான கிரெடிட்டுகளைச் சேர்க்க வேண்டும். கிரெடிட் என்பது ஒரு பாடத்தை முடித்ததற்கான அலகு. பெரும்பாலான இடங்களில் ஓராண்டுப் பாடத்துக்கு ஒன்று, அரையாண்டுப் பாடத்துக்கு அரை.

தமிழர்கள் கணிசமாக வாழும் டெக்சாஸை எடுத்துக்கொள்வோம். அங்கே அடிப்படைத் திட்டத்துக்கு 22 கிரெடிட் தேவை. ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 3, சமூக அறிவியல் 3, பிறமொழி 2, கலை 1, உடற்கல்வி 1. கூட்டினால் 17 வரும். மீதி 5 கிரெடிட்டை மாணவர் தம் விருப்பப்படி நிரப்பலாம். ஒரு துறையில் கூடுதல் தேர்ச்சி காட்டும் 26 கிரெடிட் திட்டத்தை எடுத்தால் அந்த இடம் 7 ஆகிறது. இப்படி நிரப்பும் பாடங்களைத்தான் விருப்பப் பாடம் என்கிறார்கள்.

பெயரில் விருப்பம் இருந்தாலும், பட்டம் பெற அந்த இடங்களையும் நிரப்பியே ஆக வேண்டும். எதை வைத்து நிரப்புவது என்பதில் மட்டும்தான் சுதந்திரம். அந்த வரிசையில் இசை, நாடகம், கணினி, மோட்டார் பழுதுபார்ப்பு ஆகியவற்றோடு எஃப்.சி.எஸ். பாடங்களும் நிற்கின்றன. ஃபின்லாந்து போன்ற நாடுகளில் ஏழாம் வகுப்பில் எல்லா மாணவர்களும் மனையியல் (எஃப்.சி.எஸ்.-இன் பழைய பெயர் இதுதான்) படித்தாக வேண்டும். அமெரிக்காவில் அது பள்ளியின் வசதியையும் மாணவரின் ஆர்வத்தையும் பொறுத்தது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். எஃப்.சி.எஸ். என்று ஒரே ஒரு வகுப்பு கிடையாது. அது ஒரு குடும்பப் பெயர். அதன் கீழே உணவும் ஊட்டச்சத்தும், உணவு அறிவியல், குழந்தை வளர்ச்சி, தனிநபர் நிதி, ஆடை வடிவமைப்பு, வீட்டு உள்ளமைப்பு, உறவுகள் என்று தனித்தனிப் பாடங்கள் உண்டு. எல்லாப் பள்ளியிலும் எல்லாமும் இருக்காது. தனிநபர் நிதியைச் சில மாநிலங்கள் வணிகத் துறையிலோ சமூக அறிவியலிலோ வைத்திருக்கின்றன. யூட்டா, வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் அந்த ஒன்றை மட்டும் பட்டத்துக்குக் கட்டாயம் ஆக்கியிருக்கின்றன.

இவற்றை இணைக்கும் சரடு எது?

தையலுக்கும் கடன் அட்டைக்கும் என்ன தொடர்பு? குழந்தை வளர்ப்பும் கோழிக் கறியும் ஏன் ஒரே துறையில் இருக்கின்றன? வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது கதம்பமாகவே தெரியும்.

மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கையில் இருப்பது குறைவு. சிலிண்டர் எந்த நேரமும் தீரலாம். மகளுக்குப் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் வேண்டும். பாட்டிக்குச் சர்க்கரை நோய்; எல்லோருக்கும் ஆக்குவதை அவருக்குப் போட முடியாது. மீந்த குழம்பை நாளைக்கு வைக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும். இத்தனைக்கும் நடுவே யாரும் மனம் கோணாமல் பேசவும் வேண்டும். அந்த வீட்டை நடத்துகிறவர் ஒரே மாலையில் வரவுசெலவு, ஊட்டச்சத்து, நுண்ணுயிரியல், சமரசப் பேச்சு எல்லாவற்றையும் கையாள்கிறார். இதில் ஒன்றை மாற்றினால் மற்றவையும் மாறும். செலவைக் குறைக்க மலிவான சாப்பாட்டுக்குப் போனால் பாட்டியின் சர்க்கரை ஏறும்.

எஃப்.சி.எஸ். ஆராய்வது இந்தப் பிணைப்பைத்தான். இருக்கும் பணம், நேரம், பொருள், உழைப்பு ஆகியவற்றை வைத்து ஒரு குடும்பம் எப்படி முடிவெடுக்கிறது, அந்த முடிவு யாருடைய உடலையும் மனதையும் எப்படிப் பாதிக்கிறது என்பதே துறையின் மையக் கேள்வி. இதை வள மேலாண்மை என்பார்கள். சமையலும் தையலும் அந்தக் கேள்வியைக் கையால் தொட்டுப் பார்க்கக் கிடைத்த கருவிகள்.

அடுப்படியில் ஓர் ஆய்வகம்

உணவுப் பாடம் நடக்கும் அறையில் நான்கைந்து சிறு சமையல் மேடைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கு பேர் கொண்ட ஒரு குழு. ஒரு வகுப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு என்பதால், நன்றாக நடக்கும் பள்ளியில் ஒரு பண்டத்துக்கே இரண்டு மூன்று நாள் ஆகும். முதல் நாள் திட்டம்: யார் என்ன செய்வது, எந்த நிமிடத்தில் எது அடுப்பேற வேண்டும், ஒரு தட்டுக்கு என்ன விலை விழும். அடுத்த நாள் சமையல். அதற்கடுத்த நாள் மதிப்பீடு: மாவு ஏன் உப்பவில்லை, எந்த இடத்தில் நேரம் வீணானது.

மாவு உப்புவதற்குப் பின்னால் உண்மையான வேதியியல் இருக்கிறது. கோதுமை மாவில் தண்ணீர் சேர்த்துப் பிசையும்போது அதிலுள்ள புரதங்கள் கைகோத்து ஒரு மீள்தன்மையுள்ள வலையாகின்றன. அதற்குக் குளூட்டன் என்று பெயர். ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயு அந்த வலைக்குள் சிக்கிக்கொள்ள, மாவு மேலெழுகிறது. மாணவர்கள் புரதம் அதிகமுள்ள ரொட்டி மாவிலும், புரதம் குறைந்த கேக் மாவிலும், குளூட்டனே இல்லாத அரிசி மாவிலும் ஒரே அளவில் செய்து, மூன்றையும் அறுத்து அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். ஒரே ஒரு காரணியை மட்டும் மாற்றி விளைவை ஒப்பிடும் முறை இது. இயற்பியல் ஆய்வகத்தில் செய்வதும் இதையேதான், என்ன, அங்கே முடிவைத் தின்ன முடியாது.

உணவுப் பாதுகாப்பில் அவர்கள் மனப்பாடம் செய்யும் எண்கள் 4 டிகிரி செல்சியஸும் 60 டிகிரியும். இவற்றுக்கு இடைப்பட்டது ஆபத்து மண்டலம். நோய்க் கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்ப நிலை. சமைத்த உணவு அங்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. கோழிக் கறியின் உட்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். அதை நிறம் பார்த்துத் தீர்மானிக்காமல் வெப்பமானியைக் குத்திப் பார்க்க வேண்டும்.

நம்மவர்கள் இங்கே காது கொடுக்க வேண்டிய செய்தி சோற்றைப் பற்றியது. அரிசியில் ஒட்டியிருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தாக்குப்பிடிக்கும். வடித்த சோறு மணிக்கணக்கில் வெளியே இருந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கலாம். மறுபடி சுடவைத்தாலும் அந்த நச்சு அழியாது. “நன்றாகச் சூடு பண்ணிவிட்டால் போதும்” என்று வீடுகளில் சொல்லப்படுவது இந்த இடத்தில் செல்லாது. வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம் என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: வீட்டில் பழக்கம் கிடைக்கும், காரணம் பெரும்பாலும் கிடைக்காது.

துணிப் பாடமும் இதே முறையில்தான் நடக்கும். ஒரு நூலிழையை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினால், பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகச் சுருளும். துணியில் ஒட்டியிருக்கும் சீட்டு சொல்வது உண்மையா என்று இப்படிச் சோதிக்கலாம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். எஃப்.சி.எஸ். பல பாடங்களின் தொகுப்பு. பட்டத்துக்கான விருப்பக் கிரெடிட்டை நிரப்பும் வரிசையில் அது நிற்கிறது. வீட்டின் முடிவுகளை அறிவியல் முறையில் ஆராய்வது அதன் வேலை.

ஆயிரம் டாலர் கடன்

புலம்பலில் வந்த கடன் அட்டைக்கு வருவோம். தனிநபர் நிதி வகுப்பில் மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பது போன்ற ஒரு சூழல் இது. அட்டையில் 1,000 டாலர் பாக்கி. ஆண்டு வட்டி 24 சதவீதம், அதாவது மாதத்துக்கு 2. புதிதாக எதுவும் வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 டாலர் கட்டுகிறார்.

முதல் மாத வட்டி 20 டாலர். கட்டிய 25-இல் அது போக, அசலில் கழிவது வெறும் 5 டாலர். அடுத்த மாதம் 995 டாலருக்கு வட்டி. இப்படியே போனால் கடன் தீர ஏறக்குறைய 82 மாதங்கள், கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகள் ஆகும். மொத்தம் கட்டியிருப்பது 2,000 டாலருக்கும் மேல். அதே ஆள் மாதம் 50 கட்டினால் 26 மாதத்தில் முடிந்துவிடும்; கட்டிய தொகை சுமார் 1,290. தவணை இரட்டித்தபோது காலம் பாதியாகக் குறையும் என்றுதான் மனம் எதிர்பார்க்கிறது. உண்மையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. வட்டியை மீறிக் கட்டும் ஒவ்வொரு டாலரும் நேராக அசலில் விழுவதுதான் காரணம். பதினாறு வயதில் இந்தக் கணக்கைத் தன் கையால் ஒருமுறை போட்டவருக்கு, ‘குறைந்தபட்சத் தொகை’ என்று பில்லில் அச்சிட்டிருப்பதன் பொருள் வேறு மாதிரிப் புரியும்.

பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவர்களுக்குச் சம்பளச் சீட்டும் ஒரு பாடம். மணிக்கு 15 டாலர், வாரம் 20 மணி நேரம் என்றால் 300 டாலர். கைக்கு அது முழுதாக வராது. சமூகப் பாதுகாப்பு என்ற ஓய்வூதியத் திட்டத்துக்கும், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்குமாகச் சேர்த்து 7.65 சதவீதம், ஏறக்குறைய 23 டாலர், முதலிலேயே போய்விடும். வேலையில் சேரும்போது நிரப்பும் டபிள்யூ-4 படிவம்தான் வருமான வரிக்கு எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று முதலாளிக்குச் சொல்கிறது.

அழும் பொம்மை

இந்தத் துறையைப் பற்றித் திரைப்படங்களிலும் நகைச்சுவைகளிலும் திரும்பத் திரும்ப வருவது ஒரு காட்சி: பதின்வயதினர் கையில் ஒரு குழந்தைப் பொம்மை. உள்ளே கணினி பொருத்திய பொம்மை அது. நள்ளிரவில் அழும், பாலா, அரைத்துணி மாற்றமா, தோளில் போட்டுத் தட்டுவதா என்று கண்டுபிடித்துச் செய்ய வேண்டும். கழுத்தைத் தாங்காமல் தூக்கினால் பதிவாகிவிடும். இதைச் சுமந்த மாணவியர் சிறு வயதில் கர்ப்பமாகாமல் எச்சரிக்கையாக இருப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு.

ஆஸ்திரேலியாவின் பெர்த் பகுதியில் 57 பள்ளிகளில் ஏறக்குறைய 3,000 மாணவியரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016-இல் லான்செட் இதழில் வந்தது. பொம்மையோடு நடத்திய திட்டத்தில் இருந்தவர்களில் 8 சதவீதம் பேர் 20 வயதுக்குள் குழந்தை பெற்றிருந்தார்கள். வழக்கமான சுகாதாரப் பாடம் மட்டும் படித்தவர்களில் 4 சதவீதம். எதிர்பார்ப்புக்கு நேர்மாறான விளைவு. அந்தத் திட்டத்தை அமெரிக்க வகுப்போடு அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், பொம்மை ஒன்றே பாடமாகிவிடாது என்பது தெளிவு.

குழந்தை வளர்ச்சி வகுப்பின் உண்மையான கனம் வேறு இடத்தில் இருக்கிறது. எந்த மாதத்தில் குழந்தை எதைச் செய்யும், பேச்சு எப்படி முளைக்கிறது, அடம் பிடிக்கும் இரண்டு வயதுப் பிள்ளையின் மனதில் என்ன நடக்கிறது என்று படிக்கிறார்கள். கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், தலையணையும் மெத்துமெத்தென்ற போர்வையும் கூடாது என்பதும் அதில் உண்டு. அமெரிக்காவில் இந்த அறிவுரை 1990-களில் நாடு முழுக்கப் பரவியபின் உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் பாதியளவுக்குக் குறைந்தன. பல பள்ளிகளில் மாணவர்கள் மழலையர் பள்ளிக்குப் போய் நேரில் கவனித்துக் குறிப்பெடுப்பார்கள். பொம்மையைவிட அது நூறு மடங்கு மேல் என்பது என் கருத்து.

வேதியியலில் பிறந்த பாடம்

இதைத் தொடங்கியவர் ஒரு வேதியியலர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் என்பவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் சேர்க்கப்பட்ட முதல் பெண். 1873-இல் அங்கே பட்டம் பெற்றார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆறு, குளம், கிணறுகளிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான நீர் மாதிரிகளைச் சோதித்தவர். கடைகளில் விற்ற உணவுப் பண்டங்களில் கலப்படம் தேடினார். குழாய்த் தண்ணீரிலும் சாக்கடையிலும் அடுக்களையிலும் அறிவியல் நுழைந்தால் மக்கள் நோயின்றி வாழ்வார்கள் என்பது அவர் நம்பிக்கை. 1899-இல் நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிடில் அவரும் தோழர்களும் கூடி இதை ஒரு துறையாக வடிவமைத்தார்கள். 1908-இல் அமெரிக்க மனையியல் சங்கம் பிறந்தது. அவர்தான் முதல் தலைவர். 1917-இல் வந்த ஸ்மித்–ஹியூஸ் சட்டம் பள்ளிகளில் மனையியல் கற்பிக்க ஒன்றிய அரசின் பணத்தைத் திறந்துவிட்டது.

பணம் வந்தபின் பாதை விலகியது. பெண்களுக்கு மனையியல், ஆண்களுக்குத் தச்சும் உலோக வேலையும் என்று பள்ளிகள் பிரித்துக்கொண்டன. அறிவியலோடு பிறந்த பாடம் பல இடங்களில் நல்ல மனைவியாக இருப்பதற்கான பயிற்சியாகச் சுருங்கியது. இனப் பாகுபாடும் நுழைந்தது. மனையியல் படிப்போருக்காக 1945-இல் ஒரு மாணவர் அமைப்பு தொடங்கியபோது, இனப் பிரிவினை நடைமுறையில் இருந்த மாநிலங்களில் கறுப்பின மாணவியருக்கு என்று தனி அமைப்பு வைத்தார்கள்; 1965-இல்தான் இரண்டும் ஒன்றாயின. பாலின அடிப்படையில் கல்வியில் பாகுபாடு கூடாது என்ற 1972-ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டம், பையன்களையும் இந்த அறைக்குள் கொண்டுவந்தது. 1994-இல் மனையியல் சங்கம் தன் பெயரில் இருந்த மனையியலைக் குடும்ப, நுகர்வோர் அறிவியல் என்று மாற்றிக்கொண்டது. மாணவர் அமைப்பு 1999-இல் பெயர் மாறி, இப்போது எஃப்.சி.சி.எல்.ஏ. என்று அழைக்கப்படுகிறது.

இந்த அலை நம் பக்கமும் வந்து சேர்ந்தது. ஊட்டச்சத்து அறிஞர் ராஜம்மாள் தேவதாஸ் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். 1957-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி பின்னர் பல்கலைக்கழகமாக வளர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே அது பட்டப் படிப்பாகவும் ஆராய்ச்சியாகவும் வேரூன்றியது.

ஏ வாங்கியும் சராசரி இறங்குவது ஏன்?

நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பாடத்தைத் தவிர்ப்பதற்கு அலட்சியம் மட்டும் காரணம் அல்ல; மதிப்பெண் கணக்கும் காரணம். ஜி.பி.ஏ. என்பது எல்லாப் பாடங்களின் கிரேடு சராசரி. வழக்கமாக ஏ கிரேடுக்கு 4 புள்ளி. ஏ.பி. எனப்படும் கல்லூரி நிலைப் பாடங்களில் ஏ வாங்கினால் பல பள்ளிகள் 5 புள்ளி தருகின்றன. ஐந்து ஏ.பி. பாடங்களில் ஏ வாங்கியவரின் சராசரி 5. அவர் ஆறாவதாக எஃப்.சி.எஸ். எடுத்து அதிலும் ஏ வாங்கினால், 29-ஐ ஆறால் வகுக்க வேண்டும், சராசரி 4.83 ஆகிவிடும். முழு மதிப்பெண் வாங்கியதற்குத் தண்டனை!

வகுப்புத் தரவரிசையை வைத்துப் பல்கலைக்கழக இடம் தரும் டெக்சாஸில் இந்தப் புள்ளிகள் பெற்றோரின் தூக்கத்தைக் கெடுப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் எல்லாப் பாடத்தையும் தரவரிசைக் கணக்கில் சேர்ப்பதா, சிலவற்றை மட்டுமா என்பது கல்வி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். பல கல்லூரிகள் முக்கியப் பாடங்களை மட்டும் எடுத்துத் தாமே மறுகணக்குப் போடுகின்றன. கேட்டறியாமலே பயப்படுகிறவர்கள்தான் அதிகம்.

தேர்ந்தெடுப்பதற்கு முன்

சும்மா ஏ கிரேடு போடும் எஃப்.சி.எஸ். வகுப்புகள் இருக்கவே இருக்கின்றன. பயிற்சித் தாள்களை நிரப்பிவிட்டு வெள்ளிக்கிழமை பிஸ்கட் சுடுவதோடு முடியும் வகுப்பால் பயன் குறைவு. ஆகவே பள்ளியின் ஆலோசகரிடம் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். திட்டமிடுதல், செலவுக் கணக்கு, மதிப்பீட்டுக் குறிப்பு ஆகியவற்றுக்கு மதிப்பெண் இருந்தால் அது உழைக்க வைக்கும் வகுப்பு.

அதன் முடிவில் சான்றிதழ் உண்டா என்றும் கேளுங்கள். உணவுத் துறையில், உணவுப் பாதுகாப்புப் பயிற்சிக்கான செர்வ்சேஃப் சான்றிதழ் பல உணவகங்களில் செல்லுபடியாகும். குழந்தைப் பராமரிப்பில் சி.டி.ஏ. என்ற தகுதிக்கு 120 மணி நேரப் பயிற்சியும் 480 மணி நேரக் களப்பணியும் தேவை. பள்ளியிலேயே இதற்குத் தயார்செய்யும் இடங்கள் உண்டு. சில பள்ளிகளில் அதே பாடத்துக்குச் சமுதாயக் கல்லூரியின் கிரெடிட்டும் சேர்ந்து கிடைக்கும். செவிலியம், உணவியல், ஆசிரியப் பணி, விருந்தோம்பல் என்று நினைக்கும் பிள்ளைக்கு இது நேரடியாகவே உதவும். பொறியியலுக்குப் போகிற பிள்ளைக்கு அரையாண்டு தனிநபர் நிதி ஒன்றே போதும் என்பேன்.

உங்கள் பள்ளியில் இந்தப் பாடம் இல்லை என்ற பதிலும் வரலாம். ஆசிரியர் ஓய்வுபெற்றபின் ஆள் கிடைக்காமல் மூடிய வகுப்புகள் பல. அப்போது மாவட்டத்தின் தொழிற்கல்வி மையத்தில் கேட்டுப் பாருங்கள். அரை நாள் அங்கேயும் அரை நாள் தம் பள்ளியிலுமாகப் படிக்கப் பல மாவட்டங்கள் பஸ் விடுகின்றன. அடுத்த கல்வியாண்டுக்கான பாடத் தேர்வு பெரும்பாலும் குளிர்காலத்திலேயே நடந்துவிடும் என்பதால், கோடை விடுமுறையில் போய் நின்றால் இடம் இருக்காது.